சகலையின் கேமரா

மாமனார் வீட்டில் அவருக்குப் பெரிய மாப்பிள்ளை என்று பெயர். வேலை பார்க்கும் இடத்தில் மீட்டர். கையில் மல்டிமீட்டர் இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கேமரா பழுது பார்ப்பது தொழில். ஒரு நகலெடுக்கும் கடையின் மாடியில், சன்னலோரம், இருபத்திரண்டு வருடமாக ஒரே மேஜை. மேஜைமேல் பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு, பள்ளிப் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தியதுபோலச் சின்னச் சின்னத் திருப்புளிகள், கழற்றிய ஸ்குருக்களைக் குழிக்கு இரண்டாகப் போட்டுவைக்க ஒரு முட்டைத் தட்டு. கேமராக்களோடு பேசுகிற வழக்கமும் உண்டு. "என்னடா தங்கம், எங்க வலிக்குது? வாயைத் திற பாப்போம்" என்று ஆரம்பித்தால் அது உயிர்பெறும்வரை பேச்சு ஓயாது.

அந்தத் தொழிலில் ஒரு சங்கடம். வேலையைச் சரியாகச் செய்துவிட்டால் அந்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மாமனார் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் மணி, சுவர்க் கடிகாரம், மாமியாரின் மிக்ஸி, குளியலறை ஹீட்டர் எல்லாமே அவர் கைபட்டு ஓடுகிறவை. மணியை அழுத்திவிட்டு உள்ளே வருகிற எவரும் "அடடா, என்னமா அடிக்குது மணி!" என்று சொன்னதில்லை. வந்து நின்றதும் அவர்கள் நிமிர்ந்து பார்ப்பது கூடத்துச் சுவரைத்தான். "இதெல்லாம் யார் எடுத்த படம்?" என்பார்கள்.

மொத்தம் பதினோரு படங்கள். அத்தனையும் சின்ன மாப்பிள்ளை எடுத்தவை. அவற்றை மாட்டுவதற்கு ஆணி அடித்தவர் பெரிய மாப்பிள்ளை.

சின்னவர், அதாவது சகலை, இவரைவிட எட்டு வயது இளையவர். பத்திரிகைகளுக்குப் படம் எடுப்பவர். பந்து வலைக்குள் போகிற நேரம், குதிரை நான்கு காலும் தரையில் படாமல் நிற்கிற நேரம் எல்லாம் எப்படியோ அவர் கேமராவுக்குள் வந்து விழும். வீட்டு விசேஷம் எதற்கும் தாமதமாகத்தான் வருவார். வந்ததும், அதுவரை பொறுப்பாக நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த பெரியவரை மறந்துவிட்டு வீடே அவர் பக்கம் திரும்பிவிடும். ஆள் கெட்டவராக இருந்திருந்தால் பெரியவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. "அண்ணே, அண்ணே" என்று தோளில் கை போடுவார். உள்ளே புகைந்துகொண்டிருப்பதை அந்தத் தோளில் எங்கே வைத்து மறைப்பது என்று பெரியவருக்குத் தெரியாது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பேச்சில்லாமல் நடப்பார். மனைவி கேட்டால் "தலைவலி" என்பார். பத்து வருடமாக, சகலை வந்துபோகிற நாளிலெல்லாம் அவருக்குத் தலைவலி.

மாமியார் முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிடும்போது சகலை ஒரு செய்தி சொன்னார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கப்பல் பட்டறையைப் பற்றி ஒரு பதிப்பகம் பெரிய படப் புத்தகம் போடுகிறதாம். ஐந்து வருடமாகக் கட்டிய கப்பல் புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தண்ணீரில் இறங்குகிறதாம். கப்பலின் மூக்குக்கு நேர்எதிரே, மேடைமேல் நின்று படமெடுக்க இவர் ஒருவருக்குத்தான் அனுமதியாம்.

மாமனார் சாப்பிட்ட கையோடு எழுந்துபோய், இடது கையால் தம்பிக்குப் போன் போட்டார். "என் சின்ன மாப்பிள்ளை இருக்கார்ல..." என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசினார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் பெரியவர் பக்கம் பார்த்து அன்பாகவே கேட்டார்.

"நீங்க எப்படி இருக்கீங்க மாப்பிள்ளை? அந்த ஹீட்டர் மறுபடியும் சத்தம் போடுது, போறதுக்குள்ள ஒரு பார்வை பாத்துடுங்க."

ஹீட்டரைப் பார்த்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது கூடத்தில் எல்லாரும் படத்துக்காக நின்றுகொண்டிருந்தார்கள். மாமியார் மட்டும் நடுவில் நாற்காலியில், ஊன்றுகோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு. சகலை புதுக் கேமராவைப் பையிலிருந்து எடுத்தார். பழையதை விற்றுவிட்டு வாங்கிய, ஆறு மாதம்கூட ஆகாத கேமரா. விசையைத் தள்ளினார். ஒன்றும் இல்லை. அணைத்துவிட்டு மறுபடி தள்ளினார். திரை கறுப்பாகவே இருந்தது.

"சார்ஜ் போட மறந்துட்டீங்களா?" என்றாள் அவர் மனைவி.

"காலையிலதான் போட்டேன்." இன்னொரு பேட்டரியை மாற்றினார். அதே கறுப்பு. சகலையின் நெற்றியில் வேர்வையைப் பெரியவர் முதல் தடவையாகப் பார்த்தார். பார்த்ததும் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது. அது நல்லதல்ல என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் குளிர்ந்தது.

"அட, கேமரா டாக்டரையே வீட்டுல வச்சுக்கிட்டு முழிக்கிறீங்களே! பெரிய மாப்பிள்ளைகிட்ட குடுங்க" என்றார் மாமியார்.

கூடமே அவர் பக்கம் திரும்பியது. பத்து வருடத்தில் முதல் தடவை. பெரியவர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, சன்னல் பக்கம் வெளிச்சத்தில் போய் உட்கார்ந்தார். பேட்டரியையும் கார்டையும் வெளியே எடுத்தார். லென்ஸைக் கழற்றி மாமியாரின் மடியில் வைத்தார். பேட்டரியின் பித்தளை முனைகளை ரப்பரால் தேய்த்தார். கொஞ்ச நேரம் சும்மா விட்டு, பேட்டரியை மட்டும் போட்டுப் பார்த்தார். உயிர் வரவில்லை. கடைசியாக, பேட்டரியை மூடும் மூடியின் விளிம்பை விரல் நுனியால் தடவினார்.

அங்கே இருக்கவேண்டிய ஒன்று இல்லை. மூடியின் உள்விளிம்பில் அரிசியில் பாதி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பல் இருக்கும். மூடியைச் சாத்தும்போது அது உள்ளே ஒரு குட்டி விசையை அமுக்கும். அமுக்கினால்தான் மூடி மூடியிருக்கிறது என்று கேமராவுக்குத் தெரியும். பல் உடைந்துபோயிருந்தது. மூடி திறந்திருப்பதாக நினைத்துக்கொண்டு கேமரா விழிக்க மறுக்கிறது. வேறு எந்தக் கோளாறும் இல்லை. ஒரு துண்டுத் தாளை மடித்து அந்த இடத்தில் செருகினால் இந்த நிமிடமே ஓடும்.

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் பின்னால் எத்தனையோ தடவை யோசித்தார். எல்லாரும் கைதட்டியிருப்பார்கள், இரண்டு வினாடி. அப்புறம் சகலை படமெடுப்பார். படம் பன்னிரண்டாவதாகச் சுவருக்கு வரும். ஆணியடிக்க இவரைக் கூப்பிடுவார்கள். அந்த ஆணிதான் அன்றைக்கு அவர் நாக்கைப் புரட்டியது.

"உள்ள சர்க்யூட் போர்டுல கோளாறு போல இருக்கு" என்றார். "கடைக்குக் கொண்டுபோய்த்தான் பாக்கணும்."

சகலையின் முகம் சுருங்கியது. "புதன்கிழமைக்குள்ள ஆயிடுமாண்ணே? இல்லைன்னா யார்கிட்டயாவது இரவல் கேக்கறேன்."

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாங்கிக்கோங்க. நான் இருக்கேன்ல."

"நீங்க சொன்னா சரிண்ணே." அதோடு அவர் கவலை போய்விட்டது. போனை ஒரு புத்தக அடுக்கின்மேல் சாய்த்து வைத்து, அதிலேயே எல்லாரையும் படமெடுத்தார்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தக் கேமரா சரியாகிவிட்டது. அதே மாடல் ஒன்று உடைந்து, உதிரி பாகங்களுக்காக அலமாரியில் கிடந்தது. அதன் மூடியைக் கழற்றி இதில் போட நான்கு நிமிடம். திரை பளிச்சென்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை சொன்னது ஒரு சின்னப் பொய், செவ்வாய்க்கிழமை கொடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார். உறையில் போட்டு வைத்திருந்தால் அப்படியே முடிந்திருக்கும்.

ஆனால் படங்கள் பதிவாகியிருந்த கார்டை அவரே திரும்ப உள்ளே போட்டிருந்தார். பழுது பார்ப்பவர் கார்டில் இருப்பதைப் பார்க்கக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக அவர் பார்த்ததுமில்லை. அன்றைக்குப் பார்த்தார். இத்தனை படம் எடுப்பவன் எத்தனை படத்தைக் கெடுக்கிறான் என்று தெரிந்துகொள்ள ஆசை. கெட்டுப்போன படங்கள் கணிசமாகவே இருந்தன. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிறகு ஒரு சமையலறை வந்தது. சகலை வீட்டுச் சமையலறை. அதில் பெரியவரின் மனைவி.

ஒரு படத்தில் அவள் கையில் கரண்டியைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சர்க்கரை டப்பாவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். சாதாரணச் சிரிப்பல்ல. தலை பின்னால் சாய்ந்து, கண்ணில் நீர் வந்து, பக்கத்தில் நின்ற தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, கடைவாய்ப் பல்வரை தெரிகிற சிரிப்பு.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். இந்தச் சிரிப்பை அவர் பார்த்ததே இல்லை.

அவள்மேல் சந்தேகமெல்லாம் அவருக்கு வரவில்லை. பக்கத்தில் தங்கை நிற்கிறாள், படமெடுப்பவர் தங்கையின் கணவர், அதில் தப்பு என்ன இருக்கிறது? அவரைக் குடைந்தது வேறு. அந்த ஆள் குதிரையைப் பிடித்தான், பந்தைப் பிடித்தான், போகட்டும். என் பெண்டாட்டியின் சிரிப்பு என்னிடம் இல்லாமல் அவனிடம் எப்படிப் போயிற்று? திங்கட்கிழமை முழுக்க, செவ்வாய்க்கிழமை முழுக்க அந்தப் படத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார். வேறு வேலை ஓடவில்லை. ஒரு லென்ஸைத் தலைகீழாகப் பொருத்திவிட்டு மறுபடி பிரித்தார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்தது. "அண்ணே, கிளம்பி வரட்டுமா?"

கேமரா எதிரே, உயிரோடு, மேஜைமேல் இருந்தது.

"பார்ட் வரலையே தம்பி" என்றார். தன் குரல் எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. "சரிண்ணே. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்று சொல்லிவிட்டுச் சகலை போனை வைத்தார்.

புதன்கிழமைகளில் அவர் மனைவிக்குப் பாதி நாள்தான் வேலை. இரண்டு தெரு தள்ளி ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் இருந்தாள். அன்றைக்கு மட்டும் கணவரோடு சேர்ந்து சாப்பிட டிபன் பாக்ஸோடு மாடிக்கு வருவாள். அந்தப் புதன்கிழமையும் வந்தவள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, பூதக்கண்ணாடிக்குக் கீழே கேமராத் திரையில் தன் முகத்தையே பார்த்தாள்.

"இது அவர் கேமராதானே?"

அவர் கை தானாகத் திரையை மறைத்தது.

"போர்டு போன கேமராவுல படம் தெரியுமா?"

"இப்பதான் சரியாச்சு."

"எப்ப?"

பொய் சொல்லப் போனார். பத்தொன்பது வருடம் கூட இருந்தவளிடம் அது எடுபடாது என்று தெரிந்தது. "திங்கக்கிழமை. பத்தரைக்கு."

அவள் டிபன் பாக்ஸை ஓசையில்லாமல் கீழே வைத்தாள். "நேத்து அவர் ஏழு பேருக்குப் போன் பண்ணி கேமரா கேட்டிருக்கார். கடைசி நேரத்துல யார் தருவாங்க? பதிப்பகத்துல வேற ஆளை அனுப்பிட்டாங்க. காலையில பத்து மணிக்கு என் தங்கச்சி அழறா, நான் காத்துட்டிருந்த பேஷண்டையெல்லாம் விட்டுட்டு அவளுக்குச் சமாதானம் சொல்றேன், 'மாமா தன்னால ஆனதைப் பண்ணினார்டி'ன்னு. ஏங்க, என்ன காரியம் பண்ணியிருக்கீங்க?"

அவரிடம் நியாயம் ஒன்றும் இல்லை. இருந்த ஒன்றை எடுத்து நீட்டினார். திரையைக் காட்டி, "என்கூட ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சிருக்கியா?" என்றார்.

அவள் படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "இதுக்கா?"

"சொல்லு."

"அது நீங்கதான்."

"எது?"

"அந்தக் கரண்டி பிடிச்சிருக்கிறது. நீங்க வேலை பாக்கறதை நடிச்சுக் காட்டிட்டிருந்தேன். 'என்னடா தங்கம், எங்க வலிக்குது'ன்னு சர்க்கரை டப்பாகிட்ட பேசினேன். அவளால தாங்க முடியலை, அதைப் பாத்து எனக்கும் தாங்க முடியலை."

"என்னைக் கிண்டல் பண்ணியா?"

"ஆமா. பின்ன, வேற யாரைப் பண்ணுவேன்? உங்க முன்னாடி பண்ணினா மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பீங்க." பிறகு குரல் மாறியது. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். இன்னைக்கே."

அன்று இருவரும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் சகலை வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் நான்கைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆளை நேரில் பார்த்ததும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"பார்ட் வந்துடுச்சாண்ணே?" சகலை எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்.

"பார்ட் முதல்லயே இருந்துது."

"அப்படின்னா?"

"ஞாயித்துக்கிழமை கையில வாங்கினப்பவே தெரிஞ்சுபோச்சு. மூடியில ஒரு பல் உடைஞ்சிருந்துது. ஒரு துண்டு பேப்பர் வச்சிருந்தா அங்கயே ஓடியிருக்கும். வேணும்னுதான் சொல்லலை."

சகலை பேட்டரி மூடியைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார், மூடினார். "ஏண்ணே?"

"பொறாமைதான் தம்பி."

அந்த வார்த்தையை அவர் வாழ்நாளில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சகலை கத்துவார் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

"அந்தக் கப்பல் ஒரு தடவைதாண்ணே தண்ணியில இறங்கும்" என்றார் சகலை. அவ்வளவுதான். கொழுந்தியாள் கையில் தேநீரோடு கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தேநீர் அப்படியே உள்ளே திரும்பிப் போனது.

சகலை அதை மாமனாரிடம் சொல்லவில்லை. அதுதான் பெரியவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. மாமனார் எப்போதும்போல "மாப்பிள்ளை, ஹீட்டர்" என்றார். குடும்பம் கூடும்போது சகலை "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். தோளில் கை இல்லை. அந்தக் கை இத்தனை வருடம் எவ்வளவு கனத்தது என்று நினைத்திருந்தாரோ, இப்போது அது இல்லாத இடம் அதைவிடக் கனத்தது.

ஒரு நாள் மாமனார் பேச்சுவாக்கில், சின்ன மாப்பிள்ளை இப்போதெல்லாம் விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில்தான் கேமராவைக் காட்டுகிறார், அந்த மெக்கானிக் கெட்டிக்காரனாம் என்றார். பெரியவருக்குச் சுருக்கென்றது. அடுத்த வாரமே, அந்தப் பக்கம் வேலை இருப்பதுபோல நடந்துபோய்க் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். வட்ட விளக்கு. ஸ்குரு ஓடாமல் இருக்கக் காந்தத் தட்டு. முட்டைத் தட்டில்லை. மெக்கானிக் வாய் திறக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். என் சகலையின் கேமராவை இவன் தொடுகிறானா என்று நினைத்தபோது, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து அவருக்கே வெட்கமாகப் போயிற்று. வீட்டில் போய் மனைவியிடம் சொன்னார். அவள் சிரித்தாள், கடைவாய்ப் பல் தெரியும் அளவுக்கு இல்லை, ஆனால் சிரித்தாள். "உங்களுக்கு இது தீராத வியாதி" என்றாள்.

நான்கு மாதம் கழித்து, விடாமல் மழை பெய்த ஒரு மதியம், மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. சகலை. குடையை மூலையில் சாய்த்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றிய கேமராவை மேஜைமேல் வைத்தார்.

"படகுப் போட்டி எடுக்கப் போனேன். கடல்ல விழுந்துடுச்சு. மூணு நாள் அரிசியில போட்டு வச்சிருந்தேன். மைதானத்துக் கடைக்காரர் ரெண்டு வாரம் குடுங்க, பொழைக்க வச்சிடலாம்னு சொல்றார்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க பாத்துச் சொல்லுங்க."

"என்கிட்டயா?"

"உங்களுக்கு உண்மையைச் சொல்ல வரும்ணே. கொஞ்சம் லேட்டா வரும், அவ்வளவுதான்."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். திருப்புளியை எடுத்தார். ஸ்குருக்கள் ஒவ்வொன்றாகக் குழிகளுக்குப் போயின. அன்றைக்குக் கேமராவைத் தங்கம் என்று கொஞ்சவில்லை. பின்பக்கத்தைத் திறந்து, திரையை ஒதுக்கி, போர்டை வெளியே எடுத்தார். விளக்கின் கீழே ஒரு பார்வைதான் தேவைப்பட்டது.

"போர்டு போயிடுச்சு" என்றார்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. சகலை அசையாமல் அவரையே பார்த்தார்.

"சத்தியமா போயிடுச்சு தம்பி. என்னை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்க." பூதக்கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினார். "உப்புத்தண்ணி. பேட்டரி உள்ளேயே இருந்திருக்கு, மூணு நாள்ல அரிச்சுத் தின்னுடுச்சு. இதோ இந்தச் சிப்போட கால்கள் எல்லாம் கரைஞ்சு போச்சு. ரெண்டு வாரம் இல்லை, ரெண்டு வருஷம் ஆனாலும் எழுந்திரிக்காது. யார் சரி பண்றேன்னு சொன்னாலும் குடுக்காதீங்க."

சகலை குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கேமரா போனதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பெரியவர் காத்திருந்தார்.

"அண்ணே, என்ன கலர்ணே இது!" என்றார் சகலை.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பூதக்கண்ணாடிமேல் அதைச் சாய்த்துப் பிடித்து ஒன்று எடுத்தார், தள்ளி இன்னொன்று எடுத்தார். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார். செம்புக் கோடுகளுக்கு நடுவே நீலமும் பச்சையுமாக அரிப்பு படர்ந்து, மேலிருந்து பார்த்தால் ஒரு கடற்கரை மாதிரி, ஓரத்தில் உப்பு நுரைகூட ஒதுங்கியிருந்தது.

பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் இந்தப் பச்சையை எத்தனை போர்டில் சுரண்டியிருப்பார்? ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் எத்தனை தடவை துடைத்து எறிந்திருப்பார்? ஒரு நாளாவது இது அழகாக இருக்கிறதே என்று தோன்றியதா? வந்து உட்கார்ந்து அரை மணி ஆகவில்லை, இந்த ஆள் கண்ணில் அது பட்டுவிட்டதே! பழைய இடத்தில், பழையபடி, வயிறு எரிந்தது.

"கையைக் கொஞ்சம் நகத்துங்கண்ணே, நிழல் விழுது."

பெரியவர் கையை நகர்த்தினார். பிறகு விளக்கின் கழுத்தைப் பிடித்து மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்து, "இப்படி இருந்தா சரியா வருமா?" என்று கேட்டார்.